நாலு வாய்ச் சோறு

9 ஜூன் 2024

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. முட்டை காலையில் வரும். பாஞ்சாலி போன் செய்து, "டீச்சர், சாவி உங்ககிட்டதான கீது, பாத்தரம் கழுவணும்" என்றாள். என் சத்துணவு மையத்தில் அவள் சமையல், நான் அமைப்பாளர். டீச்சர் இல்லை. ஆனால் பாப்பாரப்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடக் கேட்டுக்குள் நுழைகிற எந்தப் பெண்ணும் டீச்சர்தான்.

ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். வயிற்றில் ஐந்து சின்னத் தழும்பு. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள், மீதி இருப்பது ஒரு வாழைக்காய் அளவுதான் என்று சேலத்து டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நூற்றுப் பதினெட்டு கிலோவில் போனேன். இன்று நூற்று ஆறு.

ஊருக்குச் சொல்லியிருப்பது பித்தப்பைக் கல். இது என் முடிவு. வீட்டுக்காரர் "உள்ளதச் சொல்லிட்டுப் போயேன்" என்றார். சோத்தைக் குறைக்கத் துப்பில்லாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று பேசுவார்கள். நாத்தனார் காவேரி வாயில் விழுந்தால் தர்மபுரி வரைக்கும் போகும். கல்லே இருக்கட்டும். கல் கௌரவமான வியாதி.

10 ஜூன்

பிள்ளைகளுக்குப் போடும் முன் அமைப்பாளர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. முன்பு நான் ருசி பார்ப்பது ஒரு தட்டு. இன்று அரை ஸ்பூன், அதையும் நசுக்கி. பாஞ்சாலி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இல்லீங்களா?"

"நல்லாதான் இருக்கு."

"பின்ன?"

ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

2 ஜூலை

மோதிரம் கழன்று அரிசி கழுவிய தண்ணீரோடு போக இருந்தது. நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

14 ஜூலை, ஞாயிறு

கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்.

ஆண் சாப்பிட்ட பிறகு பெண் சாப்பிடும் முறை எங்கள் வீட்டில் மாமியார் இருந்தபோதே எடுபடவில்லை. கல்யாணமான வாரத்திலிருந்து நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். எங்கள் பேச்செல்லாம் அப்போதுதான். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறவர், நாளெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். தட்டு முன்னால் உட்கார்ந்தால்தான் தீர்த்தகிரி என்கிற மனிதர் பேசுவார். எந்த லாரி தொப்பூர் இறக்கத்தில் நின்றுவிட்டது, எவன் அழுகலை அடியில் வைத்து மேலே நல்லதை அடுக்கினான், எல்லாம். பேச்சு முடிய வேண்டாம் என்று நான் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வேன், அவரும் போட்டுக்கொள்வார். என் நூற்றுப் பதினெட்டில் பாதி இவர் பேச்சைக் கேட்டு வந்தது.

எதையும் கூழாகும்வரை மென்றுதான் விழுங்க வேண்டும் என்று டயட்டீசியன் பெண் சொல்லியிருக்கிறாள். சரி. ஆனால் களியை யார் மெல்லுவார்கள்? குழம்பில் புரட்டி வாயில் போட்டால் அதுவே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், அதுதானே களி. கை பழக்கத்தில் உருட்டிவிட்டது. தொண்டை பழக்கத்தில் விழுங்கிவிட்டது. நெஞ்சுக்குழியில் போய் நின்றுகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயெல்லாம் எச்சில் நுரை. கொல்லைப்பக்கம் குனிந்து நின்றபோது செத்துப்போவேன் என்றே நினைத்தேன். அவர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து முதுகைத் தடவிக்கொண்டே "நிர்மலா, நிர்மலா" என்றார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தது.

டயட்டீசியனுக்குப் போன் போட்டேன். சென்னைப் பெண். "களின்னா அல்வா மாதிரியா மேடம்?" என்றாள்.

3 ஆகஸ்ட்

ஆடிப் பதினெட்டு. ஊரே ஒகேனக்கல்லில் இருக்கிறது. நாங்கள் போகவில்லை. அவருக்கு மண்டியில் வேலையாம்.

ஒரு வாரமாகச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு வருகிறார். லோடு ஏற்ற நேரமாகிறது என்கிறார். ஆகட்டும்.

22 ஆகஸ்ட்

தொண்ணூற்றேழு. கல்லூரி விடுதியிலிருந்து மகள் ஐஸ்வர்யா போனில் குதித்தாள். "ரெண்டு டிஜிட் வந்துட்டம்மா." ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி ஒன்றரை வருஷம் என்னை அரித்தவள் அவள்தான்.

எனக்கும் சந்தோஷம். பொய் இல்லை, நிஜமாகவே சந்தோஷம். பாப்பாரப்பட்டி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் இன்று என் பக்கத்தில் ஒரு பெண் தானாக வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் நின்றுகொண்டே வருவார்களே தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. இறங்கும்வரை அவள் கூடையில் இருந்த கீரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். படிக்கட்டு ஏறினால் முட்டி வலிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து யாரும் கை கொடுக்காமல் எழுந்தேன். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்தேன்.

தலைமையாசிரியர் "ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க, உக்காருங்க" என்றார். அரிசி இருப்பைத் தவிர என்னிடம் எதுவும் பேசாதவர். நாற்காலியைக்கூட நகர்த்திப் போட்டார். கோபம் வந்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. போன வருஷம் இதே அறையில் இதே நான்தானே நின்றுகொண்டிருந்தேன்?

19 செப்டம்பர்

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மூன்றாம் நான்காம் மாதம் அப்படித்தான், திரும்ப வளரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தாலும் முடி முடிதான்.

பாஞ்சாலி இன்று ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், நெசத்தச் சொல்லுங்க, கேன்சருங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எனக்காவது சொல்லுங்க. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்." இல்லவே இல்லை என்றேன். நம்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையை எண்ணப் போனாள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்கு என்ன என்று கேட்டு அழுத ஒரே ஆள். அவளிடமும் கல்.

10 அக்டோபர்

காலையில் கண் விழித்தபோது அவர் எனக்கு முன்பே விழித்து என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. யாரோ படுத்திருக்கற மாதிரி கீது."

கிண்டலாகச் சொல்லவில்லை. குற்றம் சொல்வதாகவும் இல்லை. எழுந்து பல் விளக்கப் போய்விட்டார். நான் ஜாக்கெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். கைச்சதை துவைத்துப் பிழியாத துணிபோலத் தொங்குகிறது. வயிறு ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு. அவர் சொன்னது சரிதான். யாரோ.

31 அக்டோபர்

தீபாவளி. அதிரசம் சுட்டேன். மொத்தமும் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.

16 நவம்பர்

மூன்று வாரமாக எண்பத்தெட்டிலேயே நிற்கிறது. செக்கப்புக்குச் சேலம் போனேன். "நின்னு நின்னுதான் எறங்கும்" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் தொப்பூரில் டீக்கு நிறுத்தினார்கள். மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கினேன். கடித்தேன், நன்றாக மென்றேன், ருசி முழுக்க வந்ததும் பேப்பரில் துப்பினேன். இன்னொரு கடி. அதையும். லாரி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பசி இல்லை. ஆசை அப்படியே இருக்கிறது. அதை அவர்கள் வெட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன். அழுகைக்கும் பஜ்ஜிக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று யோசித்தேன், தர்மபுரி வந்துவிட்டது.

5 டிசம்பர்

பாலக்கோட்டில் பிளாக் ஆபீஸ் வேலை மதியமே முடிந்தது. மண்டிக்கு நடந்தேன். என்ன தேடிப் போனேன் என்று எனக்குத் தெரியும். நாலு மாதமாக ஒரு மனிதர் வீட்டில் சாப்பிடாவிட்டால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? அதுதான் தோன்றியது.

மண்டிக்குப் பின்னால் ஒரு மெஸ். வெளியிலிருந்தே தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கருவாட்டுக் குழம்போடு. எதிரே மூட்டை தூக்கும் ஆட்கள் நாலைந்து பேர். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார், அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் தூண் பக்கமாக நகர்ந்துகொண்டேன். ஒரு உருண்டை முடித்து இன்னொன்று கேட்டார்.

வேறு பெண்ணாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். களியோடு என்ன சண்டை போடுவது? என்னிடம் சொல்ல வேண்டிய கதை அது. அதை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் பார்க்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன். என் எடை குறையட்டும் என்றுதான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். இவர் என்னைவிட்டுக் குறையட்டும் என்று போடவில்லை. எனக்கு இந்த மனிதர் வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

6 டிசம்பர்

கேட்கவில்லை.

19 ஜனவரி 2025, ஞாயிறு

எண்பத்தொன்று. இதைப் பார்த்து எந்த உணர்ச்சியும் வரவில்லை.

காவேரி வந்திருந்தாள். அவள் மகன் பிரபாகருக்குப் பெண் அமைந்துவிட்டது, பென்னாகரம் பக்கத்தில் குப்புராஜ் என்பவருடைய மகள் கவிப்பிரியா. நல்ல குடும்பம். பிரபாகருக்கு எங்கள் ஐஸ்வர்யா முறைப்பெண். ஆனால் இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை, எங்களுக்கு வேண்டாம் என்று இரண்டு பேருமே எப்போதோ சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் வருத்தமில்லை. ஊர்தான் நம்பவில்லை.

காவேரி சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அண்ணி, கை நனைக்கற அன்னிக்கு நீங்களும் அண்ணனும் முன்னால உக்காரணும். ஊர்ல என்னா பேசறாங்க தெரியுமா? பொண்ணக் கட்டிக்கலன்னு ஏங்கி ஏங்கித்தான் அத்தைக்காரி பாதியாயிட்டாளாம். அது பொண்ணு வூட்டுக்காரங்க காதுக்கும் போயிருக்குது."

பேச்சு முடிந்து பெண் வீட்டில் மாப்பிள்ளை பக்கம் இலை போட்டுச் சாப்பிட்டால்தான் சம்மதம். அதுவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். தாய்மாமன் வீட்டார் சாப்பிடாவிட்டால் மற்றவர்கள் சாப்பிட்டும் பிரயோஜனமில்லை.

அவள் போனதும் அவர், "இப்பவாச்சும் சொல்லிடலாம்" என்றார். எட்டு மாதம் மறைத்துவிட்டு இப்போது சொன்னால் காவேரி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குப்புராஜ் வீட்டில் பேச்சு சீக்கிரம் முடிந்தது. பெண் வந்து கும்பிட்டாள். பிரபாகர் தரையைப் பார்த்துச் சிரித்தான். இலை போட்டார்கள். அவர், பக்கத்தில் நான், எனக்கு அடுத்து காவேரி. எதிர் வரிசையில் அவர்கள் பங்காளிகள்.

பெண்ணின் அம்மா தங்கம்மாளே பரிமாறினார். கேசரி, வடை, பொரியல், சோறு. கையை நீட்டித் தடுத்தேன். "மொத மொத வந்திருக்கீங்க, வேணாங்காதீங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தார். நாலு வாய் சாப்பிட்டேன். ஐந்தாவதுக்கு இடமில்லை. சோற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கேரட்டை ஒளிக்கிற மாதிரி வடையைச் சோற்றுக்குள் ஒளித்தேன்.

தங்கம்மாள் திரும்பி வந்து நின்றார். "என்னாங்க, வெச்சது வெச்சபடியே கீது?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் பந்தியில் பேச்சு நின்றுவிட்டது. எதிரே ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னார். "முறைப்பொண்ண வூட்ல வெச்சிக்கிட்டு இங்க வந்து ஒக்காந்தா எப்பிடி எறங்கும்?"

குப்புராஜ் முகம் மாறியது. காவேரி என் முழங்காலை அழுத்தினாள். "துன்னுங்க அண்ணி. எம் புள்ளைக்காகத் துன்னுங்க."

தின்றேன். வடையில் பாதி. சரியாக மெல்லவில்லை. நெஞ்சில் வந்து அடைத்தது. எச்சில் ஊற ஆரம்பித்தது. எழுந்தால் பந்தியில் பாதியில் எழுந்தவள் ஆவேன். உட்கார்ந்திருந்தால் இலையிலேயே வந்துவிடும். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது — அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள்! ஐயோ, இந்தப் பையன் கல்யாணம் என்னால் நிற்கப்போகிறதே, வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லையே — வாய் நிறைய நுரை —

அவர் கை நீண்டது. என் இலையின் ஓரத்தைப் பிடித்து அப்படியே இழுத்துத் தன் இலைமேல் வைத்துக்கொண்டார். நான் கடித்த மீதி வடையை எடுத்து வாயில் போட்டார். சோற்றைப் பிசைந்தார்.

புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது எங்கள் பக்கம் உண்டு. கல்யாணத்தன்று அதை ஒரு சடங்காகவே செய்வார்கள். இப்படித் திருப்பி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெரியவர், "பொண்டாட்டி எச்ச எலையில ஆம்பள துன்றத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

இவர் தலை நிமிரவில்லை. "பாத்துக்கங்க. எங்க வூட்டுச் சம்மதம் ரெண்டு எலைதான? ரெண்டையும் நானே துன்னுடறேன். ரசம் ஊத்துங்கம்மா."

பிறகு என்னிடம், "நீ எந்திரிச்சிப் போ, நிர்மலா."

கொல்லைக்குப் போனேன். எல்லாம் வந்தது. தங்கம்மாள் சொம்பில் தண்ணீரோடு பின்னால் வந்து நின்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு அவரிடம் சொன்னேன். கல் இல்லை, ஏக்கமும் இல்லை, உடம்பைக் குறைக்க இரைப்பையை வெட்டியிருக்கிறார்கள், நாலு வாய்க்குமேல் இறங்காது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லாததை முன்பின் பழகாத ஒரு பெண்ணிடம், கொல்லைப்பக்கம், மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க? கொழந்தைக்கு வெக்கற மாதிரி வெச்சிருப்பனே." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க அக்கா ஒண்ணு நடக்க முடியாம கெடக்குது. எந்த ஆஸ்பத்திரிங்க?"

உள்ளே போய் தங்கம்மாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கல்யாணம் வைகாசியில். காவேரி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "என்கிட்டயுமா கல்லு?"

வண்டியில் வரும்போது அவரிடம் நானாகவே கேட்டேன். டிசம்பரில் மெஸ்ஸில் பார்த்ததைச் சொன்னேன். பாப்பாரப்பட்டி நெருங்கும்போது சொன்னார்.

"அன்னிக்குக் களி நெஞ்சுல நின்னுச்சே, நீ எந்திரிச்சி ஓடனப்ப நான் கவனிக்கவே இல்ல. பேசிக்கிட்டே ரெண்டு உருண்டை முழுங்கிட்டேன். சத்தம் கேட்டுத்தான் வந்தேன். அதுக்கப்பறம் உன் முன்னால வாயில வெக்க முடியல. நீ வேற ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சிடற. நான் யார்கூடத் துன்றது?"

அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன்.

4 பிப்ரவரி

பாஞ்சாலிக்கு விஷயம் எட்டிவிட்டது. "கேன்சரு இல்லாம போனது சந்தோஷங்க டீச்சர். ஆனா மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டனே, அத இப்ப எந்தக் கணக்குல செய்யறது?" கோபமாகத்தான் இருந்தாள். மதியம் ருசி பார்க்க வைத்த சோற்றை மட்டும் தனியாக மசித்து வைத்திருந்தாள்.

11 பிப்ரவரி

வீட்டிலேயே சாப்பிடுகிறார். டிவி முன்னால் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் அடுப்படியில் சாப்பிடுகிறேன். வெட்கப்படுகிறார் என்று நினைக்கிறேன். நானும்தான்.

15 பிப்ரவரி

காவேரி போன் செய்தாள். கல்யாணப் புடவை எடுக்கக் கூப்பிடுகிறாள். "சைஸ் இனிமேலும் மாறுமா அண்ணி? ஜாக்கெட்டு தைக்கணுமில்ல" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவளும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மீன் வாங்கி வந்தார். அவரே கழுவிக் கொடுத்தார்.

அவருக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு என் சின்னத் தட்டை எடுத்தேன். வாங்கி மறுபடியும் அலமாரியில் வைத்தார். டிவியை அணைத்தார். "இதுலயே துன்னு" என்று தன் தட்டை நடுவில் தள்ளினார்.

ஒரு ஓரத்திலிருந்து நான், எதிர் ஓரத்திலிருந்து அவர். முள் எடுத்த மீனாக என் பக்கம் நகர்த்தி வைத்தார். மென்றேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே, தேவையில்லாமல், ரொம்ப நேரம் மென்றார். என் நாலு வாய் முடிந்தது. எழப் போனேன்.

"எங்க போற? நான் இன்னும் பாதிகூடத் துன்னல."

உட்கார்ந்தேன். ஓசூர் வியாபாரி ஒருவனோடு போன வாரம் நடந்த சண்டையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அந்த ஆள் பேசுவது போலவே தெலுங்கில் பேசிக் காட்டினார். குழம்பு ஆறிப்போனது. அவர் விரலில் சோறு காய்ந்துவிட்டது. நடுவில் ஒரு வாய் உருட்டி என் பக்கம் நீட்டி, ஞாபகம் வந்து, தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, கதையைத் தொடர்ந்தார்.

கழுவுவதற்கு ஒரு தட்டுதான் இருந்தது.